குடியிருந்துகொண்டே செப்பனிட்ட கல்வீடு

"அரசன் இல்லாத கோட்டை, தெய்வம் இல்லாத கோயில், நீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று வேலூரைப் பற்றி ஊரார் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. காட்பாடி இரயில் நிலையத்தில் இறங்கிப் பாகாயம் செல்லும் நகரப் பேருந்தில் ஏறும் ஒருவர், இவற்றின் பொருளை ஒரு மணி நேரத்திற்குள் தம் கண்ணாலேயே கண்டுகொள்வார். முதலில் பாலாற்றுப் பாலம். அதன் கீழே ஆண்டின் பெரும் பகுதி மணலே. அதற்கப்பால் அகழி சூழ்ந்த கோட்டை. தொரப்பாடியைக் கடந்து தெற்கே செல்லச் செல்ல, பாறைகளைத் தோளில் சுமந்து நிற்கும் மொட்டை மலைகள். அம்மலைகளின் அடிவாரத்தில் பாகாயம்.

ஆயினும் அந்த நான்கு குறைகளுள் ஒன்று 1981ஆம் ஆண்டிலேயே நீங்கிவிட்டது. எவ்வாறு நீங்கியது என்பதை அறிந்தால், பாகாயத்தில் யான் கண்ட ஒரு சிறு கல்வீட்டின் கதை தெளிவாக விளங்கும். ஆதலின் கோட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டில், விசயநகரப் பேரரசின் காலத்தில், பெருங்கருங்கற்களால் எழுப்பப்பட்டது. அரசர்கள் மறைந்த பின்னரும் அது ஆளின்றிக் கிடந்ததில்லை. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தாரை ஆங்கிலேயர் இங்குதான் கொண்டுவந்து வைத்தனர். 1806 சூலை 10ஆம் நாள் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இம்மதில்களுக்குள்ளேதான். கண்டியின் கடைசி மன்னர் சிறீ விக்கிரம ராசசிங்கர் இங்கே சிறைப்பட்டு 1832இல் உயிர் நீத்தார். பின்னர் அலுவலகங்கள் வந்தன, காவலர் வந்தனர். ஒவ்வொரு காலத்தாரும் தத்தம் தேவைக்கேற்ப ஒரு கதவைத் திறந்தனர். ஒரு கூரையை மாற்றினர். கோட்டை நின்றது.

ஆனால் உள்ளே இருந்த சலகண்டேசுவரர் கோயில் மட்டும் நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்தது. சிற்ப வேலைப்பாட்டிற்குப் புகழ்பெற்ற மண்டபம் அங்கிருந்தும், விளக்கேற்றுவார் இல்லை. 1981இல் இந்து மக்கள் மீண்டும் அங்கே வழிபாட்டைத் தொடங்கினர். அன்று முதல் நாள்தோறும் பெருக்குகிறார்கள், நீர் தெளிக்கிறார்கள், ஒழுகும் இடத்தை உடனே காண்கிறார்கள். நம்முடையதல்லாத சமயத்தின் ஆலயம்தான். எனினும் அது நமக்குப் புகட்டும் பாடம் பொதுவானது. கல்லுக்கு வயது ஒரு பொருட்டன்று. மனிதர் நீங்கிய கட்டடம் மெல்லச் சாகிறது. மனிதர் புழங்கும் கட்டடம் பிழைத்துக்கொள்கிறது.

இனிப் பாகாயத்திற்கு வருவோம். இவ்வூரின் பெயரை உலகறியச் செய்தது இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அம்மையார் ஐடா ஸ்கடர், 1918இல் பெண்களுக்கென வேலூரில் மருத்துவப் பள்ளி தொடங்கினார். அப்பள்ளிக்காக நகருக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தில் 1928இல் கட்டட வேலை தொடங்கியது. சாம்பல் நிறக் கருங்கல் சுவர்கள், வளைவுகள், தூண் நிறைந்த நடைகள் என்று எழுந்த அக்கட்டடங்களில் இன்றும் மாணவர் பயில்கின்றனர். மலையின் நிறமும் சுவரின் நிறமும் ஒன்றாகவே இருப்பதால், மாலை வெயிலில் தூரத்திலிருந்து பார்ப்பவர்க்கு மலையே இறங்கி வந்து வீடாக நிற்பது போலத் தோன்றும்.

இப்பெருங்கட்டடங்களின் புகழில், அவற்றைச் சுற்றியுள்ள சிறு கல்வீடுகளை யாரும் பேசுவதில்லை. கல் மலிந்த ஊரில் எளியவரும் கல்லால் வீடு கட்டினர். வேலூரின் வெயிலைக் கூற வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திர நாள்களில் 40 பாகையைத் தாண்டுவது இங்கே வியப்பன்று. இரண்டடிக் கனமுள்ள கற்சுவர் அவ்வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. பகலெல்லாம் மெல்ல வாங்கிக்கொண்டு, இரவு கவிந்தபின் மெல்லக் கொடுக்கும். அதனால்தான் நம் முன்னோர் பகலில் திண்ணைக்குப் பின்னுள்ள கூடத்திலும், கோடை இரவில் மொட்டை மாடியிலும் படுத்தனர்.

எம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார்க்கு இத்தகைய வீடொன்று உண்டு. கல்லூரிக் கட்டடங்கள் எழுந்த நாள்களில் கல்வேலை செய்த பாட்டனார், தம் கையால் கட்டியது என்பர். நான்கு அறைகள், முன்னே ஒரு திண்ணை, பின்னே ஒரு கிணறு. அவ்வீட்டிற்கு 1962இல் மருமகளாக வந்த மூதாட்டி இன்று அதன் தலைவி. பேரப்பிள்ளைகளுக்கு அவர் 'ஆயா'. மூத்த மகன் தம் மனைவி மக்களோடு அவருடன் இருக்கிறார். இளையவர் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர்.

வீடு நலிந்திருந்தது. கூரை ஒழுகியது. மேற்குச் சுவர், கொத்தனார்கள் கூறுவது போல, 'வயிறு தள்ளி' நின்றது. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டலாம் என்றார் மூத்தவர். மனையை விற்றுப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றார் இளையவர். இக்கருத்து வேற்றுமையால் உடன்பிறந்தார் இருவரும் ஈராண்டுகளாக முகங்கொடுத்துப் பேசவில்லை. அன்னையார் என்னிடம் கூறியது இதுதான்: "சாமி, இடிக்கிறதா இருந்தா நான் போனப்புறம் இடிச்சிக்கட்டும். வாடகை வீட்டுல நான் சாகமாட்டேன்."

வாடகை வீடு எடுக்கப் பணமும் இல்லை. ஆகவே குடியிருந்துகொண்டே செப்பனிடுவதென்று முடிவாயிற்று. பழைய கட்டடங்களில் தேர்ந்த பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, அடித்தளம் அமிழவில்லை, கூரை உத்திரங்களைக் கறையான் முற்றிலும் அரிக்கவில்லை என்று உறுதி கூறிய பின்னரே வேலை தொடங்கியது. இவ்விரண்டில் ஒன்று கெட்டிருந்தாலும், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ்வீட்டில் இருத்தல் தகாது. இதனை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறேன். இடித்தே தீர வேண்டிய வீடுகளும் உண்டு.

வயதில் எழுபதைத் தாண்டிய மேஸ்திரி ஒருவர் வேலையை ஏற்றார். சுண்ணாம்பு வேலை அறிந்தவர். அவர் முதல் நாள் சுவரில் கை வைக்கவில்லை. திண்ணையில் அமர்ந்து, "அம்மா, எந்தக் காத்துல மழை வந்தா எங்க ஒழுகும்?" என்று கேட்டார். வாடைக் காற்றோடு வரும் மழைக்கு மட்டுமே மேற்கு மூலை ஒழுகும், நேர்மழைக்கு ஒழுகாது என்றார் ஆயா. ஏறிப் பார்த்தால், குறை கூரையில் இல்லை. கைப்பிடிச் சுவரின் அடியில், நீர் வெளியேறும் தூம்பு சுவரைச் சேருமிடத்தில் ஒரு விரல் நுழையும் பிளவு. அறுபது மழைக்காலங்களை அவ்வீட்டில் கழித்தவர்க்கன்றி வேறு யாருக்கு அது தெரியும்? வீட்டைக் காலி செய்துவிட்டு வேலை பார்த்திருந்தால், கூரை முழுவதையும் வீணாகப் பெயர்த்திருப்பார்கள்.

பின்னர்ச் சுவரின் நோய்க்குக் காரணமும் விளங்கிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ நல்லெண்ணத்தோடு கல் இடுக்குகள் அனைத்தையும் சிமெண்டால் அடைத்திருந்தனர். சிமெண்டு கெட்டியானது, கெட்டியானதெல்லாம் நல்லது என்று எண்ணுவது இயல்பே. ஆனால் கருங்கல் நீரைக் குடிக்காது. கற்சுவருக்குள் புகும் ஈரம் வெளியேறுவது கல்லின் வழியாக அன்று; இடுக்கிலுள்ள சுண்ணாம்புச் சாந்தின் வழியாகவே. அவ்வழியைச் சிமெண்டு அடைத்துவிட்டால், மயிரிழை போன்ற வெடிப்புகளில் நுழைந்த நீர் திரும்பிச் செல்ல வழியின்றி உள்ளேயே தங்கும். பழங்காலக் கற்சுவர் பெரும்பாலும் இரு முகங்களை உடையது. வெளிமுகக் கல் ஒன்று, உள்முகக் கல் ஒன்று, நடுவே சிறு கல்லும் சாந்தும் இட்ட நிரப்பு. அந்நிரப்பு ஊறி இளகிக் கீழே இறங்கும்போது, முகக்கற்களை வெளியே தள்ளுகிறது. வயிறு தள்ளுதல் என்பது இதுவே.

சுண்ணாம்போ வேறு இயல்பினது. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரிவளி நீங்கும். அதனை நீரில் நீற்றி, மணலோடு அரைத்துச் சுவரிலிட்டால், காற்றிலுள்ள கரிவளியை நாள்தோறும் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகவே மாறுகிறது. விரைவில் இறுகாது, ஆனால் சுவர் சற்றே அசைந்தால் தானும் அசைந்து கொடுக்கும், ஈரம் வந்தால் வெளியே விடும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்த்து அரைப்பது நம் நாட்டு வழக்கம். வேலை நடந்த மாதங்களில் அவ்வீட்டு முற்றத்தில் கடுக்காயும் வெல்லமும் கலந்து புளித்த மணம் நீங்கவேயில்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் வெல்லத்தைக் கேட்டு மேஸ்திரியைச் சுற்றுவார்கள்.

தை மாதம் பிறந்ததும் வேலை தொடங்கியது. ஓர் அறை முடிந்த பின்னரே மறு அறை. முதலில் கூரை, ஏனெனில் மேலே நீர் நிற்கும்வரை கீழே எதைச் செய்தாலும் பயனில்லை. அடுப்பு, திண்ணையின் ஓரத்திற்கு வந்தது. நெல் மூட்டையும் துணிப்பெட்டியும் அறைக்கு அறை மாறின. வேலை நடக்கும் அறையின் வாயிலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டும், தூசி சோற்றில் விழத்தான் செய்தது. குடும்பச் செபமாலைக்கு இடம் நாள்தோறும் மாறியது. திருஇருதய ஆண்டவரின் படத்தை மருமகள் ஒவ்வோர் அறைக்கும் தூக்கிச் சென்று, அன்றைக்குத் தூசி குறைந்த சுவரில் சாய்த்து வைப்பார்.

சித்திரையில் ஓரிரவு, நடு அறையின் தளவோடுகளைப் பெயர்த்துப் போட்டிருந்தபோது, எதிர்பாராது கோடை மழை இடியோடு வந்தது. அடுத்த வீட்டு இசுலாமிய அன்பர் தோல் மண்டியில் வேலை செய்பவர். மண்டியின் தார்ப்பாயைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, தாமே மேலேறி விரித்தார். கீழே மூத்தவர் ஒரு முனையைப் பிடிக்க, மறு முனையைப் பிடித்தவர் அன்று தற்செயலாக ஊர் வந்திருந்த இளையவர். உடன்பிறந்தார் இருவரும் ஈராண்டுக்குப்பின் பேசிய முதல் வார்த்தை, "அந்தப் பக்கம் இழுத்துக் கட்டு" என்பதே.

அடுத்து மேற்குச் சுவர். சவுக்குக் கம்புகளால் கூரைக்கு முட்டுக் கொடுத்தனர். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்து வைத்துப் பதித்தார் மேஸ்திரி. சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும்; உடையாவிடில் நகரவில்லை என்று பொருள். காலைச் செபம் முடிந்ததும் ஆயா நேரே சென்று அக்கண்ணாடியைப் பார்ப்பார். நாற்பது நாள்கள் பார்த்தார், உடையவில்லை. பின்னரே சுவரைப் பிரித்தனர். அதுவும் ஒரே முறையில் அன்று. மூன்றடி அகலம் பிரிப்பது, கற்களுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் எண் எழுதுவது, சிமெண்டையும் ஊறிய நிரப்பையும் அகற்றுவது, அதே கற்களை அதே இடத்தில் வைத்துக் கட்டுவது. சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவி இரு முகங்களையும் பிணைக்கும் நீண்ட ஊடுகற்களை, பாட்டனார் மிகச் சிலவே வைத்திருந்தார். இப்போது கிடக்கையாக நான்கடிக்கு ஒன்றும், நெடுக்கையாக இரண்டடிக்கு ஒன்றுமாக வைத்தனர். இளையவர் ஞாயிறுதோறும் ஆம்பூரிலிருந்து வந்து, திருப்பலிக்குப்பின் கல் சுமந்தார்.

கிறித்து பிறப்புப் பெருவிழாவிற்கு முன் வேலை முடிந்தது. மனையின் பங்கீடு குறித்து உடன்பிறந்தாரிடையே யாவும் தீர்ந்தது என்று கூற மாட்டேன், இன்னும் தீரவில்லை. ஆயின் இப்போது பேசுகிறார்கள். பேசாதிருந்த காலத்தில் தீராதிருந்ததற்கும், பேசிக்கொண்டே தீராதிருப்பதற்கும் உள்ள வேற்றுமையைக் குடும்பத்தார் அறிவர்.

இவ்வேலையைக் கண்டபோது புனித அசிசி பிரான்சிசுவை நினையாதிருக்க இயலவில்லை. 1206ஆம் ஆண்டளவில், அசிசி நகருக்கு வெளியே இடிந்து கிடந்த சான் தமியானோ என்னும் சிறு கற்கோவிலில் அவர் மன்றாடிக்கொண்டிருந்தார். இடிந்து வரும் தம் வீட்டைச் செப்பனிடுமாறு பாடுபட்ட ஆண்டவரின் திருவுருவம் தம்மிடம் கூறக் கேட்டார் என்பது மரபு. தந்தையின் துணிகளை விற்றுப் பணம் கொணர்ந்தார். அங்கிருந்த ஏழைக் குருவானவர் அப்பணத்தை ஏற்க மறுத்தார். ஆனால் தங்க இடம் கொடுத்தார். ஆகவே பிரான்சிசு அங்கேயே குடியிருந்து, நகருக்குள் சென்று கல்லை இரந்து வாங்கி, தம் தோளில் சுமந்து வந்து சுவரைக் கட்டினார். செல்வ வணிகரின் மகன் கல் சுமந்ததைக் கண்டு நகைத்தவரும் உண்டு. அவர் செப்பனிட்ட அவ்வீட்டில், 1212 முதல் 1253இல் தாம் இறக்கும்வரை புனித கிளாரா தம் சகோதரிகளோடு வாழ்ந்தார். செப்பனிட்டவர் ஒருவர், வாழ்ந்தவர் பலர்.

அதே அசிசியில் மற்றொரு பாடமும் உண்டு. 1997 செப்டம்பர் 26ஆம் நாள் நில நடுக்கத்தில், புனித பிரான்சிசுவின் பேராலயத்து மேற்கோவிலின் வளைகூரை ஒரு பகுதி இடிந்து நால்வர் உயிரிழந்தனர். வல்லுநர் ஆய்ந்து கண்ட காரணங்களுள் ஒன்று சிந்திக்கத் தக்கது. நூற்றாண்டுகளாகக் கூரையைச் செப்பனிட்டவர்கள் உடைந்த ஓடுகளையும் கற்கூளங்களையும் கீழே இறக்காமல், வளைவின் பின்புறத்து மூலைகளிலேயே விட்டுச் சென்றிருந்தனர். கண்ணுக்குத் தெரியாத அச்சுமை, நடுக்கம் வந்த நாளில் வளைவை அழுத்திற்று. பழுது பார்த்தால் மட்டும் போதாது. பழுதின் கூளத்தையும் வெளியே கொண்டு போட வேண்டும். பாகாயத்து மேஸ்திரி அசிசியைக் கேள்விப்பட்டிரார்; எனினும் மாலைதோறும் கூடையில் கூளம் முழுவதையும் இறக்கிய பின்னரே கை கழுவுவார்.

இல்லறத்தாரே, குடும்பமும் இத்தகைய கல்வீடே. அதனைக் காலி செய்துவிட்டுச் சீர்திருத்த முடியாது. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் முதியோரும் உள்ளே இருக்கும்போதே, சோற்றில் தூசி விழும்போதே, ஓர் அறையாக, ஒரு கல்லாகச் செப்பனிட வேண்டும். சினத்தைச் சிமெண்டு போல மேலே பூசி மறைத்தால், உள்ளே ஈரம் தங்கிச் சுவர் வயிறு தள்ளும். மன்னிப்பு சுண்ணாம்பு போன்றது. இறுகுவதற்கு நாளாகும், ஆனால் உள்ளே புகுந்ததை வெளியே விடும். ஒரு முறை மன்னித்த குறையை மூலையில் சேர்த்து வைத்து, அடுத்த சண்டையில் எடுப்பதும் வளைவின்மேல் கூளத்தை விட்டுவைப்பதே.

பழைய வீடுடையோர்க்கு இறுதியாகச் சில சொற்கள். இடிக்குமுன் அறிந்தவர் ஒருவரை அழைத்து அடித்தளத்தையும் மரத்தையும் பார்க்கச் செய்யுங்கள். கற்சுவரைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். கூரை நீரைச் சுவரிலிருந்து அப்பால் விழச் செய்யுங்கள். சுண்ணாம்பு வேலை அறிந்த கைகள் அருகி வருகின்றன. அவர்களிடம் இளைஞர் ஒருவரையாவது கூட நின்று கற்கச் சொல்லுங்கள். யாவற்றிற்கும் மேலாக, அவ்வீட்டில் நெடுநாள் வாழ்ந்த முதியவரைக் கேளுங்கள். எருசலேமின் மதிலை நெகேமியா மீண்டும் எழுப்பியபோது, மக்களுள் பலர் தத்தம் வீட்டிற்கு எதிரேயுள்ள பகுதியையே பழுது பார்த்தனர் என்று மறைநூல் கூறுகிறது. நாமும் நம் வாயிலிலிருந்தே தொடங்குவோமாக.